தாவீது எழும்பிச் சாப்பிட்டவர்

“…பைபிளில, தன்ர பிள்ளை செத்தாப்பிறகு தாவீது ராசா எழும்பிக் குளிச்சுச் சாப்பிட்டவர்தானே? நீங்கள் மட்டும் ஏன் இன்னும் நிலத்தில கிடக்கிறியள்?” என்றாள் என் மனைவி.

எங்கள் மகளை அடக்கம் செய்த மறுநாள் அது. நெடுந்தீவில் பிள்ளைக்குக் காய்ச்சல் கடுமையானபோது, “உடனே யாழ்ப்பாணம் கொண்டுபோங்கோ” என்று டொக்டர் சொல்லியிருந்தார். காலைப் படகு புறப்படத் தயாராகத் துறையில் நின்றது. குடிவெறியில் இருந்த நான், “நாளைக்குப் போகலாம்” என்றேன். மறுநாள் கடல் கொந்தளித்து, அக்கரைக் குறிகட்டுவான் துறைக்கு ஒரு படகும் ஓடவில்லை. பிள்ளை என் மடியிலேயே போய்விட்டாள்.

“அவர் ராசா. என்னைப்போலக் குடிகாரன் இல்லை” என்றேன்.

“ஓமோம், நல்ல ராசா! அடுத்தவன்ர மனுசியை எடுத்துப்போட்டு, அவனைப் போருக்கு அனுப்பிச் சாக்காட்டினவர். அவரையே கடவுள் தள்ளிவிடேல்லை.”

“அப்ப நீர் என்னை மன்னிப்பீரோ?”

“இண்டைக்கு ஏலாது” என்றாள்.

குற்றமே இல்லை என்று யாராவது சொல்வதுதான் இரக்கம் என்று அதுவரை நினைத்திருந்தேன். அவள் அப்படிச் சொல்லவில்லை. அயல்வீட்டார் கொண்டுவந்த சோற்றைப் பிசைந்து, என்னைத் தூக்கி இருத்தி, என் வாயில் ஒரு பிடி வைத்தாள். பிறகு அழுதழுது, அதே கையால் தானும் ஒரு பிடி சாப்பிட்டாள்.