கண்ணை மட்டும் விட்டுவிட்டு

அறந்தாங்கியில் என் மகள் படிக்கும் பள்ளியின் பெற்றோர் கூட்டத்துக்கு அப்பாக்கள் வருவது குறைவு. பாதிப் பேர் வளைகுடாவில் இருக்கிறார்கள், என் வீட்டுக்காரரும் அங்கேதான். அவர் பங்கையும் சேர்த்து நானே பேசிவிட்டு வருவேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பதால் அதில் சிரமம் இருந்ததில்லை.

அவள் ஐந்தாம் வகுப்புக்குப் போன புதிதில் நடந்த கூட்டத்தில் கணக்கு டீச்சரிடம் சொன்னேன்: "கண்ண மட்டும் விட்டுட்டு எங்க வேணாலும் அடிங்க டீச்சர். ஏன்னு ஒரு வார்த்த கேக்க மாட்டேன்."

மகள் என் பக்கத்தில்தான் நின்றாள். என் அப்பா என்னுடைய டீச்சரிடம் இதைத்தான் சொன்னார். அன்றைக்கு வரிசையில் எனக்கு முன்னால் நின்ற அம்மாவும் இதையேதான் சொன்னார். உங்களை நம்பித்தான் பிள்ளையை விடுகிறோம் என்பதை எங்கள் பக்கத்தில் இப்படித்தான் சொல்வோம். உண்மையிலேயே அடிக்கச் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்வதில்லை. டீச்சரும் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். கடமை முடிந்தது என்று பஸ் ஏறிவிட்டேன்.

அரையாண்டுத் தேர்வில் கணக்கில் முப்பத்தெட்டு வாங்கி வந்தாள். நாலாம் வகுப்பில் தொண்ணூறுக்குக் குறையாதவள். ரேங்க் கார்டைப் போட்டோ எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பினேன். பதிலுக்கு வாய்ஸ் மெசேஜ் வந்தது: "ட்யூஷன் போடணுமான்னு கேளு. இல்ல ஸ்கூல மாத்தணுமான்னு கேளு. எதையும் விட்டுராத."

இரண்டு நாள் அவளைத் திட்டித் தீர்த்தேன். பிறகு கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஒன்பது கேள்விகள் எழுதினேன். அடுத்த கூட்டத்துக்கு முதல் நாள் சாயங்காலம் அதை அவளிடம் வாசித்தும் காட்டினேன், மிரட்டத்தான்.

"வேற ஏதாச்சும் கேக்கணுமா? சொல்லு, அதையும் எழுதிக்கிறேன்" என்றேன் கிண்டலாக.

"ஒண்ணும் கேக்க வேணாம்மா. போன தடவ சொன்னத மட்டும் திரும்பச் சொல்லாத."

எதைச் சொன்னேன் என்று எனக்கு நினைவே வரவில்லை. அவள் சொன்னாள், ஒரு வார்த்தை மாறாமல். கணக்கு புரியாவிட்டாலும் எழுந்து கேட்பதில்லையாம். தப்பாக ஏதாவது கேட்டு அடி விழுந்தால் என்ன செய்வது என்று பயமாம்.

"ஒரு நாளாச்சும் டீச்சர் அடிச்சிருக்காங்களா?"

"இல்ல. நான்தான் வாயே தொறக்கலையே."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே வாய் என்னுடையது, கெட்டது அவள்.

மறுநாள் டீச்சர் முன்னால் உட்கார்ந்ததும் காலண்டர் தாளைக் கைக்குள் மடக்கிக்கொண்டேன். தப்பை ஒத்துக்கொள்வது எனக்கு வராத பாடம். இருந்தும், "டீச்சர், அன்னைக்கு அடிங்கன்னு சொன்னேன்ல. அது தப்பு. இவ அதுக்குப் பயந்துகிட்டு டவுட்டே கேக்கலையாம்" என்றேன்.

டீச்சர் பேனாவைக் கீழே வைத்தார். "எல்லாரும் சொல்றதுதானேன்னு நான் காதுலயே போட்டுக்கலைங்க. இவ கேட்டுகிட்டு நின்னத நானும் யோசிக்கல." பிறகு அவள் பக்கம் திரும்பி, "ஒனக்கு எதுலேர்ந்து புரியலம்மா?" என்று கேட்டார்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். சொல்லு என்று தலையை அசைத்தேன். "பின்னம்" என்றாள், பாதிக் குரலில். டீச்சர் ஒரு நோட்டைத் திருப்பிக் கணக்கு ஒன்றைப் போட ஆரம்பித்தார். பின்னால் வரிசையில் முணுமுணுத்தார்கள். எங்களுக்குக் கிடைத்த நேரம் முழுக்க அந்த ஒரே கணக்குக்குப் போய்விட்டது. என் ஒன்பது கேள்விகளில் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை, வீட்டுக்காரருக்கு என்ன பதில் சொல்வது என்றும் தெரியவில்லை. ஆனாலும் நிம்மதியாக இருந்தது.

பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது அவளாகவே பேச்சைத் தொடங்கினாள்.

"அம்மா, அடிக்குக்கூட எனக்கு அவ்வளவு பயமில்ல. ஏன்னு ஒரு வார்த்த கேக்க மாட்டேன்னு சொன்னீல்ல, அதான்."

"கேப்பேன்த்தா" என்றேன். பஸ் வருவதற்குள் இன்னும் இரண்டு முறை என்னை அதைச் சொல்லவைத்தாள்.