குதிரைவண்டிக் கொட்டிலை இடம் மாற்றிய விதம்

நகரசபையில் பழைய கட்டடங்களுக்குப் பொறுப்பான பெருமதிப்புக்குரிய ஐயா, அல்லது அம்மா,

கனடாவில், யூனியன்வில்லில் எங்கள் மகன் வாங்கிய வளவின் ஓரத்தில், செங்கல்லால் கட்டிய பழைய குதிரைவண்டிக் கொட்டில் ஒன்று நின்றது. விக்டோரியா மகாராணியின் காலத்தது. கீழே முன்னர் குதிரையும் வண்டியும் நின்ற இடம். மேலே வைக்கோல் அடுக்கிய பரணை அறைகளாக மாற்றியிருந்தார்கள். அவ்வறைகளில் நானும் என் மனைவியும் குடியிருந்தோம்.

கீழ்த்தளம் வெறுமையாகவே கிடந்தது. ஆயினும் பகல் வேளைகளில் அங்கே ஒரு குளம்பு நிலத்தைத் தட்டும். பின்னர் நீண்ட மூச்சொன்று கேட்கும். நான் அந்நேரம் கீழே இறங்கமாட்டேன். மனைவியோ பழகிவிட்டாள். மகன் வீட்டார் எல்லோரும் காரில் புறப்பட்டு, நானும் பகல்தூக்கம் போட்ட பின் அவளுக்கு அதுவே துணையாயிற்று.

தெருவை அகலமாக்கும் பொருட்டு அந்த வளவு நகரசபையால் எடுக்கப்பட்டது. பழமை கருதி இடிக்கக்கூடாத கட்டடமாதலால், கொட்டிலை முழுதாகத் தூக்கி, அடுத்த தெருவில் மகனுக்குக் கிடைத்த காணிக்கு நகர்த்த ஒழுங்காயிற்று.

சில்லுகள் பூட்டிய இரும்பு உத்தரங்களின்மேல் அது ஏறி நின்ற காலையில், புது வாகனத்துக்குச் செய்வதுபோல மனைவி சில்லுகளின் கீழ் தேசிக்காய் வைத்தாள். கண்ணூறும் காத்துக்கறுப்பும் விலகவேண்டுமெனக் கும்பிட்டாள். ஒரு செங்கல்லும் உதிராமல் கொட்டில் போய்ச் சேர்ந்தது.

புதிய இடத்தில் ஓசை இல்லை. மனைவி சாப்பாட்டைத் தள்ளிவைக்கத் தொடங்கினாள்.

"என்னப்பா, ஏன் சாப்பிடேல்லை?" என்றேன்.

"தேசிக்காய் வைச்சு, காத்துக்கறுப்பெண்டு அதையும் நானே துரத்திப்போட்டன்."

"போனால் நல்லதுதானே!"

"உங்கட குறட்டையைவிட அது எவ்வளவோ மேல். வாங்கோ, போய்க் கூட்டிக்கொண்டு வருவம்."

பழைய அத்திவாரக் குழியருகே நின்று அவள் நாக்கைச் சொடுக்கினாள். தேங்கியிருந்த நீர் காற்றில்லாமலே நெளிந்தது. கடிவாளம் பிடித்தவள்போல் ஒரு கையைத் தோளுயரத்தில் வைத்து, திரும்பிப் பாராமல் நடந்தாள். அவளுக்குப் பின்னால் நடக்கத் துணியாமல் நான் அவளுடைய மறுகைப் பக்கத்தில் நடந்தேன்.

சந்தியில் ஒரு கார் எங்களுக்காக நின்றது. நாங்கள் கடந்து முடித்தும் அது நகரவில்லை. போகும்படி கைகாட்டினேன். ஓட்டியவர் என்னைக் கவனிக்கவில்லை. எங்களைவிட உயரமான எதையோ பார்த்தபடி அவருடைய முகம் மெதுவாகத் திரும்பிக்கொண்டிருந்தது. அதன் பின்னரே கார் புறப்பட்டது.

அன்று பிற்பகல் கீழே குளம்பு தட்டியது. மனைவி இரண்டாந்தரமும் சோறு போட்டுக்கொண்டாள்.

இக்கொட்டிலை இன்னுமொரு முறை பெயர்க்க நேரலாம். அப்போது நாங்கள் இருக்கமாட்டோம். பெயர்ப்பவர்கள் சில்லின் கீழ் எதையும் வைக்கவேண்டாம். முதலில் அதை நடத்திக் கூட்டிச்செல்லட்டும். ஆகையால் இக்குறிப்பைத் தயவுசெய்து பத்திரமாக வைத்திருங்கள்.