ஒதிலியா போட்ட ஊறல்

ஒதிலியா என் மகளுக்கு ஞானத்தாய். எங்கள் ஊரில் பிள்ளையைப் பெற்றவளும் ஞானஸ்நானத்தில் அதை ஏந்திய ஞானத்தாயும் ஒருவரையொருவர் ‘கொமாத்ரே’ என்றுதான் கூப்பிடுவார்கள், கூடப்பிறந்தவளுக்குச் சமம். அவளைப் பற்றி இப்போது ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். நான் பக்கத்திலேயே இருந்தவள்.

மெஸ்கால் என்கிற கற்றாழைச் சாராயம் காய்ச்சுகிற வீட்டில் அவள் வாழ்க்கைப்பட்டாள். ஆண்கள் மலைச்சரிவில் ஆனைக்கற்றாழையை வெட்டி, மடலைச் சீவி, அடிக்கட்டைகளைக் கழுதைமேல் ஏற்றி வருவார்கள். குழியில் கற்களைப் பழுக்கக் காய்ச்சி, மேலே கட்டைகளை அடுக்கி, மண் போட்டு மூடுவார்கள். தண்ணீர் சுமப்பது, விறகு தள்ளுவது, வேலையாட்களுக்குச் சோள ரொட்டி சுடுவது, வடித்ததைச் சந்தைக்குத் தூக்கிப்போய் விற்பது எல்லாம் ஒதிலியாவின் வேலை. ஊறல் தொட்டிப் பக்கம் மட்டும் போகக்கூடாது. பெண் நிழல் பட்டால் ஊறல் செத்துப்போகும் என்பார்கள். ஒதிலியாவும் அதை நம்பினாள். நானும்தான்.

ஒரு வருஷம் ஊர்ப் புனிதரின் திருவிழாவுக்கு மெஸ்கால் கொடுக்கும் பொறுப்பை அவள் புருஷன் மாக்லோவியோ ஏற்றுக்கொண்டான். குழியைத் திறந்த அன்று வெந்த கட்டைக் குவியல் அவன்மேல் சரிந்து தொடை எலும்பு முறிந்துவிட்டது. நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வெந்த கற்றாழை முற்றத்தில் கிடந்தது. வெல்லப்பாகு வாசனைக்குத் தேனீ மொய்த்தது. சீக்கிரம் நசுக்கி ஊறப்போடாவிட்டால் பூஞ்சை பிடித்துவிடும்.

மாக்லோவியோவின் தம்பி ஃபிதென்சியோவிடம் போனோம். அவனும் காய்ச்சுகிறவன்தான்.

“என் ஊறலே பொங்கிட்டு நிக்குது அண்ணி. விட்டுட்டு வர முடியாது.”

“அப்ப நானே போட்டுக்கிறேன்.”

அவன் சிரித்தான். “நீங்க போட்டா காடிதான் வரும். மிளகாய் ஊறப்போட ஆகும்.”

“உன் பொண்டாட்டிகிட்ட மிளகாய் எடுத்து வைக்கச் சொல்லு, தம்பி,” என்று சொல்லிவிட்டு ஒதிலியா வெளியே வந்தாள்.

மறுநாள் காலையில் பார்த்தால், குதிரையைக் கல் உருளையில் பூட்டிக்கொண்டிருந்தாள். அவளைத் தனியே விட எனக்கு மனசு வரவில்லை. குதிரை செக்குமாடுபோலச் சுற்றிச்சுற்றி வந்து நசுக்க நசுக்க, நாங்கள் பின்னாலேயே நடந்து சக்கையைத் தள்ளிக்கொடுத்தோம். கூடையில் அள்ளிக்கொண்டு மரத்தொட்டி வரை வந்ததும் அவள் கால் நின்றுவிட்டது.

“கொமாத்ரே, ஒருவேளை நெசமா இருந்துட்டா?”

“எது?”

“நாம பட்டா செத்துரும்னு சொல்றது.”

“போடலைன்னாலும் சாகத்தானே போகுது,” என்றேன்.

அவள் கையைக் கழுவினாள். சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள். முதல் பிடியை மெதுவாக, தொட்டிலில் பிள்ளையைக் கிடத்துவதுபோல, உள்ளே போட்டாள்.

அந்த வாரம் பார்த்து வடக்கேயிருந்து குளிர் இறங்கியது. தொட்டியில் ஒரு நுரைகூடப் பொங்கவில்லை. ஃபிதென்சியோவின் மனைவி ஏதோ இரவல் கேட்கிற சாக்கில் வந்து எட்டிப்பார்த்துவிட்டுப் போனாள். பொழுது சாய்வதற்குள் ஒதிலியா போட்ட ஊறல் செத்துப்போச்சு என்று ஊரெல்லாம் பேச்சு. போச்சு என்றுதான் நானும் நினைத்தேன். ஒதிலியா தன் கட்டில் கம்பளிகளை எடுத்துவந்து தொட்டியைப் போர்த்தினாள். வெந்நீர் விளாவினாள். ஒருநாள் மத்தியானம் என்னைக் கூப்பிட்டு, “காத வச்சுப் பாரு,” என்றாள். வைத்தேன். காய்ந்த சருகில் தூறல் விழுகிற சத்தம். அவள் சிரிக்கவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்து தூங்கிப்போனாள்.

ஊறலைக் காய்ச்சி வடித்தபோது முதல் பானை சரியாக வரவில்லை. கடைசியில் வருகிற தண்ணி வடியை வெட்டி ஒதுக்கத் தவறிவிட்டாள். ஈரத்துணி நாற்றம் அடித்தது. ஒரு வாய் குடித்துத் துப்பினாள்.

“இத ஊத்தினா ஃபிதென்சியோ சொன்னதுதான் சரின்னு ஆயிரும்,” என்று அத்தனையையும் திரும்பப் பானையில் ஊற்றிக் காய்ச்சினாள். இரண்டாம் தடவை சுரைக்குடுக்கையில் ஊற்றியபோது விளிம்பெல்லாம் நுரைமுத்து கோத்து நின்றது. உடையவே இல்லை; நல்ல மெஸ்காலுக்கு அதுதான் அடையாளம்.

திருவிழாவுக்குச் சில நாள் முன்பே மாக்லோவியோ ஊன்றுகோலோடு வந்துவிட்டான்; செத்த ஊறலை அவன்தான் வந்து மீட்டுக் காய்ச்சினான் என்று ஊர் நினைத்துக்கொண்டது. ஃபிதென்சியோ குடித்து மீசையைத் துடைத்துக்கொண்டு, “கால் போனாலும் அண்ணன் கை போகல,” என்றான். எல்லோரும் மாக்லோவியோவைப் பார்த்தார்கள். அவன் குடுக்கைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தான். ஒதிலியா அடுத்த ஆளுக்கு ஊற்றப் போனாள்.

வீட்டில் கேட்டிருக்கிறாள். “ஏன் வாயத் திறக்கல?”

“சொல்லியிருந்தா துப்பியிருப்பாங்கடி.”

“துப்பட்டுமே. துப்பினது யாரு போட்டதுன்னாவது தெரிஞ்சிருக்கும்.”

அதற்குப் பிறகு அவனுக்குச் சாப்பாடு வரும், பேச்சு வராது. பல நாள் இப்படியே போயிற்று. ஒரு ஞாயிறு பூசை முடிந்து ஆண்கள் கோயில் வாசலில் நின்றபோது மாக்லோவியோ சொன்னான்: “அன்னைக்கு நீங்க குடிச்சது அவ போட்டது. என் கை அதுல படல.”

“அதான் கொஞ்சம் புளிச்சுது,” என்றான் ஃபிதென்சியோ.

“புளிச்சதுக்கா திரும்பத் திரும்பக் குடுக்கைய நீட்டினே?” என்று யாரோ கேட்க, வாசலே சிரித்தது. ஃபிதென்சியோ சிரிக்கவில்லை. சாகும்வரை அவள் வடித்ததை அவன் தொடவும் இல்லை. அவனைப் போல இன்னும் சிலர் வாங்குவதை நிறுத்தினார்கள். ஒதிலியா மலைக்கு அந்தப்பக்கத்துச் சந்தைகளுக்குப் போய் விற்றாள். அந்த வருஷங்கள் சுலபமாக இருக்கவில்லை.

மாக்லோவியோவின் கால் நேராகவே இல்லை. வெட்டுக்குப் போக முடியாமல், சரிவில் உட்கார்ந்து கற்றாழைக் கன்று நடுகிற வேலையை எடுத்துக்கொண்டான். அன்று நட்ட கன்றுகளைத்தான் இப்போது வெட்டுகிறோம். வெட்டுகிறோம் என்றால் நானும்தான். எனக்கும் ஒரு தொட்டி இருக்கிறது; ஊரில் இன்னும் சில பெண்களுக்கும் இருக்கிறது.

போன வாரம் அவளிடம் கேட்டேன், தூரமான நாளிலும் தொட்டியைத் தொட்டிருக்கிறாளா என்று.

“தொட்டிருக்கேன். நல்லாத்தான் வந்துச்சு,” என்றாள். கொஞ்சம் யோசித்தாள். “ஆனா ஒவ்வொரு தடவையும் மனசு ஒரு நிமிசம் நிக்குது, கொமாத்ரே. அது எப்பப் போகும்னு தெரியல.”

எனக்கும் நிற்கிறது.