மேலே ஒரு அடி காலி

பிளக்ஸ் டிசைன் தொழில் என்பது முகங்களை அளக்கிற தொழில். தலைவருக்கு எத்தனை அங்குலம், மாவட்டச் செயலாளருக்கு எத்தனை அங்குலம் என்று கம்ப்யூட்டர் முன்னால் கண் பூத்துப்போன என் இனத்தாருக்கு இதெல்லாம் சொல்லாமலே புரியும்.

வார்த்தை வந்தது

கோயம்புத்தூரில் எங்கள் வார்டில் லேத் பட்டறை வைத்திருக்கும் மோகனசுந்தரத்துக்குக் கவுன்சிலர் தேர்தலில் கட்சி சீட்டுக் கொடுக்கவில்லை. சுயேச்சையாக நின்றுவிட்டார். ஆனால் பிளக்ஸில் சுயேச்சை என்று போடக்கூடாதாம். போட்டால் சீட்டுக் கிடைக்காதவர் என்று தெரிந்துவிடுமாம். மகள் காலேஜிலிருந்து கொண்டுவந்த வார்த்தை ஒன்றைத் துண்டுச்சீட்டில் நீட்டினார். ‘மேவரிக்’. யாருக்கும் கட்டுப்படாதவர் என்று அர்த்தம்.

“நம்ம வார்டுல இது யாருக்குங்க புரியும்?” என்றேன்.

“புரிஞ்சுபோட்டா மதிக்கமாட்டாங்க தம்பி!”

ஆகாயம்

தலைவர்கள் படம் வரும் மேல்பகுதி அவருக்குத் தேவையில்லையே என்று எழுத்தை மேலே ஏற்றி வைத்தேன். கீழே இறக்கச் சொன்னார். மேலே ஒரு அடி காலியாகவே இருக்கட்டுமாம். ஏன் என்று கேட்டேன். தனியாக நிற்பவனுக்கு மேலே ஆகாயம்தான் என்றார். எனக்குப் புல்லரித்துவிட்டது.

அந்த பிளக்ஸ் பக்கத்து டீக்கடை பழனியம்மாக்கா சுவரில் ஏறியது. எந்தக் கட்சிக்கும் சுவரைக் கொடுக்காத அக்கா, மேவரிக்குக்கு அர்த்தம் கேட்டபிறகு இதற்குக் கொடுத்தார். எங்கள் தெருவுக்கு நல்ல தண்ணி வாரக்கணக்கில் வராது. அவர் வயிற்றுப்பாடே அந்தத் தண்ணியில்தான்.

“யாருக்கும் கட்டுப்படாதவராமா கண்ணு. அப்ப நம்ம தண்ணிக்குச் சண்டை போட யாரையும் கேக்க வேண்டியதில்லையில்ல?”

ஆகாயம் நிரம்பியது

மோகனசுந்தரம் ஜெயித்தார். மூன்றாம் மாதமே பழைய கட்சிக்குத் திரும்பிவிட்டார். தலைவர் படத்தோடு கடைக்கு வந்து, பிளக்ஸின் மேல்பகுதியில் ஒட்ட ஸ்டிக்கர் கேட்டார். அளந்து பார்த்தேன். காலியாக விட்ட அந்த ஒரு அடிக்கு ஒரு நூல் கூடவில்லை, குறையவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், இப்படி ஒரு தீர்க்கதரிசியை நான் கண்டதில்லை.

“அப்ப மேவரிக்க எடுத்துடலாமுங்களா?”

“எதுக்குங்க தம்பி? தலைவருகிட்டயே கேட்டுட்டனுங்க. யாருக்கும் கட்டுப்படாதவன்னே போட்டுக்கன்னு உத்தரவு குடுத்துட்டாருங்க.”

அக்கா வந்தார்

மறுவாரம் பழனியம்மாக்கா அந்த பிளக்ஸைச் சுருட்டிக் கொண்டுவந்து என் மேசையில் போட்டார். பிடித்துவைத்த தண்ணியும் தீர்ந்து ஆறு நாளாகக் கடை திறக்கவில்லை. கவுன்சிலரிடம் கேட்டதற்கு, மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறேன் என்றாராம். அக்கா புது பிளக்ஸ் கேட்டார். ‘பதினோரு நாளாக நல்ல தண்ணி வரலை’ என்ற ஒரே வரிதான். கை பழக்கத்தில் யார் படம் போடுவது என்று கேட்டுவிட்டேன். அக்கா சிரிக்கக்கூட இல்லை.

“யாரு படமும் வேண்டாங்கண்ணு. மேல ஒரு அடி காலியா உடு. தண்ணி உடறவங்க படத்த அப்பறம் ஒட்டிக்கலாம்.”

பிளக்ஸ் கட்டிய மறுநாளே தண்ணி வந்துவிட்டது. அந்த ஒரு அடி இடத்துக்கு இப்போது மேவரிக் உட்பட நான்கு பேர் தத்தம் படத்தோடு என் கடையில் வரிசையில் நிற்கிறார்கள், அக்கா இன்னும் யாருக்கும் உத்தரவு கொடுக்கவில்லை.