ஜன்னலுக்கு வெளியே அக்கா

நாங்கள் இப்போது குடியிருக்கும் குனோங் ராபாட்டில் மகளின் பள்ளிக்குப் புதுக் கணினிகள் வந்தன. பிரித்த பெட்டியின் பிளாஸ்டிக் வாசம் எண்பதுகளின் ரப்பர் தோட்டப் பள்ளிக்கு என்னை இழுத்துப் போனது.

அங்கே வந்தது ஒரே கணினி. அதற்குக் கணக்கு மென்பொருளைத் தலைமையாசிரியர்தான் தேர்ந்தெடுத்தார். அதில் படிக்கும் பிள்ளைகளையும் அவரே தேர்ந்தெடுத்தார். எல்லாரும் தோட்ட ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணிமாரின் பிள்ளைகள். கணக்கில் முதலாவதாக வரும் என் அக்கா தனம் அவர்களில் இல்லை.

அம்மா அவரிடம் போய்க் கேட்டாள். "சார், இவளும் ஒரு தடவ தொட்டுப் பாக்கட்டுமே."

"பால்மரம் சீவப் போறவளுக்கு இது எதுக்குலா?"

அம்மா தலைகுனிந்து திரும்பினாள். அக்கா மட்டும் ஜன்னலுக்கு வெளியே நின்று, உள்ளே இருந்தவர்களுக்கு முன்பே விடைகளைச் சொன்னாள். சார் எழுந்து வந்து ஜன்னலைச் சாத்தினார்.

ஆறாம் வகுப்போடு அக்கா பால்மரம் சீவப் போனாள். சார் வாக்கு பலித்ததென்று தோட்டத்தில் பேசிக்கொண்டார்கள். பலிக்க வைத்தவரே அவர்தான் என்று ஒருவரும் சொல்லவில்லை, நானும்கூட.