உருண்டை கொடுத்து ஆள் சேர்த்த கதை

பீளமேட்டில் ஜப்பானிய மொழி சொல்லிக்கொடுத்துப் பிழைப்பவர்களே, உங்களுக்கே தெரியும்: இலக்கணம் எடுத்தால் மாணவர்கள் தூங்குவார்கள், கதை சொன்னால் சண்டைக்கு வருவார்கள்.

பெட்டி

ஆமையைக் காப்பாற்றிய மீனவன் கடலடி அரண்மனைக்குப் போகிறான். கிளம்பும்போது இளவரசி ஒரு பெட்டியைக் கொடுத்து, திறக்காதே என்கிறாள். ஊர் வந்தால் பல தலைமுறை கழிந்திருக்கிறது. மனம் தாங்காமல் திறக்கிறான், அந்த நொடியே கிழவனாகிறான். ரொம்ப நாள் கழித்து ஊர் திரும்பித் திருதிருவென்று விழிப்பவரை ஜப்பானில் இன்றும் அந்த மீனவன் பெயரால்தான் கேலி செய்வார்கள்.

உருக்கமாகச் சொல்லி முடித்தேன். அன்னூர்ச் செல்வி எழுந்தாள். ஒரு ஜப்பான் கம்பெனி நேர்காணலுக்குத் தயாராகிக்கொண்டிருந்தவள். மொழிபெயர்ப்பாளர் துணை இல்லாமல் பேசும் என்ஜினீயர்தான் அவர்களுக்கு வேண்டுமாம்.

"திறக்கக் கூடாதுன்னா எதுக்குங்க டீச்சர் கையில குடுத்து உடறாங்க?"

அப்பா

நேர்காணல் நெருங்கியதும் செல்வியின் அப்பா வாழைத்தோட்ட வேலையைப் போட்டுவிட்டு என்னிடம் வந்தார். பிள்ளைக்குக் குழந்தைக் கதை சொல்லிக்கொண்டிருக்கிறேனாம். ஜப்பானில் மிட்டாய் டப்பாவிலிருந்து ரயில் நிலையச் சிலை வரை இந்தக் கதைகள்தான், பேச்சில் எப்போது வரும் என்று சொல்ல முடியாது என்றேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"ஏனுங்க, காக்கா வடை திருடுன கதை சொன்னா இங்க யாராச்சும் வேலை குடுப்பாங்களாங்க?"

உருண்டை

அந்தக் கம்பெனிக்கு அதுவரை காசு வாங்கிக்கொண்டு மொழிபெயர்த்தது நான்தான்; நேர்காணலுக்கும் என்னையே கூப்பிட்டிருந்தார்கள். செல்வி திக்கினாள். திக்கும்போதெல்லாம் என்னைப் பார்த்தாள், நானும் எடுத்துச் சொன்னேன். இப்படியே போனால் வேலை கிடைக்காது.

டீ வந்தது. எதிரே ஆள் இருக்கத் தனியாகச் சாப்பிடும் வழக்கம் நம் பக்கம் கிடையாதே. வீட்டில் கொடுத்தனுப்பிய தினை உருண்டையை முதலில் ஜப்பானிய அதிகாரியிடம் நீட்டினாள். அவர் சிரித்துவிட்டார். இதைத் தின்றால் உங்களோடு அரக்கர் தீவுக்குச் சண்டைக்கு வரவேண்டுமே என்றார். பீச் பழத்தில் பிறந்த வீரன் தானிய உருண்டை கொடுத்து நாயையும் குரங்கையும் படையில் சேர்த்த கதை அது, வகுப்பில் நான் சொன்னதுதான்.

நான் வாய் திறப்பதற்குள் செல்வி ஜப்பானிய மொழியிலேயே பதில் சொல்லிவிட்டாள்: அவர் எங்கும் வரவேண்டாம், அவருடைய தீவுக்குத் தானே வரத் தயார். அதன்பிறகு பம்பு, மோட்டார் எதைக் கேட்டாலும் அவள் பேச்சு நிற்கவில்லை, என்னைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

வேலை அவளுக்கே என்று சொன்ன அதிகாரி, என்னை வணங்கிச் சொன்னார்:

"இனி உங்களைச் சிரமப்படுத்த மாட்டோம்."

நன்றாகச் செய்தால் நம் வரும்படிக்கே உலை வைக்கும் தொழில் இது, அப்படி வைத்த கதையைத்தான் ஊரெல்லாம் சொல்லித் திரிகிறேன்.