டொக்டர் கேட்காத பாதி

அக்காவின் பாவாடை நாடா முடிச்சுக்கு எட்டாமல் போனதுதான் முதல் அறிகுறி. கையும் கன்னமும் மெலிந்துகொண்டு வந்தன. வயிறு மட்டும் மேலெழுந்தது. "வாய்வு புள்ள, ஒள்ளுப்பம் உள்ளி சுட்டுத் திண்டாச் சரி வரும்" என்றாள். உங்கள் வீட்டிலும் ஒரு பெண் இப்படிச் சொல்லிக்கொண்டிருந்தால் அந்த உள்ளிப்பூண்டை அப்படியே வைத்துவிட்டு அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். அங்கே எப்படிப் பேச வேண்டும் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. அதையும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா குடித்தவள். மாங்கேணி வீட்டோடு அவளுடைய சின்ன மகளையும் சுனாமி கொண்டுபோனது. நித்திரை வரட்டும் என்று முகாமில் யாரோ கசிப்பு (களவாகக் காய்ச்சும் சாராயம்) கொடுத்தார்கள். ஆண்கள் குடித்தபோது கவலையில் குடிக்கிறான் என்ற சனம், இவள் குடித்ததற்கு வேறு பெயர் வைத்தது. அவளுடைய மூத்த மகன் ஒருநாள் பசியோடு பள்ளிக்கூடம் போய் மயங்கி விழுந்தான். அன்றைக்கு நிறுத்தினாள். ஒரு சொல்லில் எழுதிவிட்டேன். கை நடுங்கி, வாந்தியெடுத்து, பிடிக்கப்போன என்னைக் கடித்து, அப்படி நிறுத்தினாள்.

பிறகு வாவிக்கரையில் எங்கள் அம்மாவின் காணியில் வீடு கட்டிக் குடும்பத்தை நிமிர்த்தினாள். ஞாயிறு பின்னேரங்களில் அந்த முற்றத்தில் குடியை விட்டவர்கள் கூடினார்கள். வலை போடுகிறவர்கள், வயல் வேலைக்காரர், ஒரு ஓட்டோக்காரர், முஸ்லிம் ஊரான காத்தான்குடியிலிருந்து ஒருவருக்கும் சொல்லாமல் வரும் தையல்காரர். யுத்தம் முடிந்த பிறகு, காணாமற்போன பிள்ளைகளைத் தேடிக் களைத்தவர்களும் வந்தார்கள். அக்கா எல்லாருக்கும் இஞ்சிப் பிளேன்டீ (பால் விடாத தேநீர்) ஊற்றுவாள். பேச வாயெடுப்பவர் யாராக இருந்தாலும் இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்: "நான் குடிச்சனான். இண்டைக்குக் குடிக்கல்ல." நாளையைப் பற்றி அங்கே பேச்சில்லை.

கிளினிக்கில் டொக்டர் என்ன வருத்தம் என்று கேட்டதும் அக்கா அந்தப் பழக்கத்தில்தான் வாயைத் திறந்தாள்.

"டொக்டர், நான் குடிச்சனான். இண்டைக்கு…"

அவர் முதல் பாதியோடு காதை மூடிக்கொண்டார். "அப்ப ஈரல்தான். குடிச்சா வயித்தில தண்ணி கோக்கும்தானே."

"அவ விட்டு எத்தனையோ வருஷம் டொக்டர்" என்றேன்.

"எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுவாங்க."

தண்ணீர் வற்ற மாத்திரை தந்தார். மாதக்கணக்கில் விழுங்கினாள். ஊசி குத்தித் தண்ணீர் எடுத்தார்கள், திரும்ப ஊறியது. ஸ்கேன் எடுக்கச் சொல்லிக் கேட்டபோதெல்லாம் முதலில் குடியை நிறுத்தச் சொன்னார்கள். அடப் பாவிகளே, நிறுத்தியவள் எதை நிறுத்துவாள்?

புதிதாக வந்த ஒரு பெண் டொக்டர்தான் வயிற்றை அழுத்திப் பார்த்து ஸ்கேனுக்கு அனுப்பினார். சூலகத்தில் (பெண்ணின் முட்டை விளையும் உறுப்பு) புற்றுநோய். அடிவயிறெங்கும் பரவியிருந்தது. ஈரலில் ஒரு குறையும் இல்லை. "கொஞ்சம் முந்தி வந்திருக்கலாமே" என்றார். வந்தோம். வந்துகொண்டேதான் இருந்தோம்.

கீமோ (நரம்பில் ஏற்றும் புற்றுநோய் மருந்து) ஏற்றினார்கள். முடி போனது, வாய் ருசி போனது, ஞாயிற்றுக் கூட்டம் மட்டும் நிற்கவில்லை. கடைசியில் வலிக்கு மோர்பின் பாணி (மயக்கம் தரும் திரவ மருந்து) தந்தபோது, "இதுவும் வெறிதானே" என்று வாயை இறுக்கிக்கொண்டாள். தையல்காரர்தான் பக்கத்தில் இருந்து, "இது மருந்து தங்கச்சி, குடிங்க. கூட்டத்துக்கு நான் சொல்லிக்கிறன்" என்றார். அதற்குப் பிறகே குடித்தாள். சில கிழமைகளில் போய்விட்டாள்.

இறந்தவருக்கு விருப்பமானதையெல்லாம் எட்டாம் நாள் படைப்பது எங்கள் வழக்கம். இறால் குழம்பும் பாலப்பமும் வைத்தோம். அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, மடியிலிருந்து சாராயப் போத்தலை எடுத்து மூடியைத் திறந்து இலையில் வைத்தார். கூட்டத்து ஆட்கள் அத்தனை பேரும் முன்னால் இருந்தார்கள். மணம் வந்ததும் ஓட்டோக்காரர் எழும்பி வெளியே போனார்.

"அத எடுங்க மாமா."

"ஏன் புள்ள கத்துறாய்? அவள் விரும்பினதுதானே. ஆத்துமா ஏங்கப்படாது."

"அவ விரும்பினது பிளேன்டீ. உசிரோட இருக்கக்குள்ளயும் குடிகாரி, செத்தும் குடிகாரியா?"

போத்தலைக் கொண்டுபோய்க் கிணற்றடியில் கவிழ்த்தேன். மாமா அன்று சாப்பிடாமல் போனவர், இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. பேசாவிட்டால் போகட்டும். அக்கா இருந்தவரை அடுப்படிப் பக்கமே வராத அவள் புருஷன், எங்கள் அத்தான், இஞ்சி தட்டிப்போட்டுப் பிளேன்டீ ஊற்றி வந்து அந்த இடத்தில் வைத்தார். இஞ்சி கூடிப்போயிருந்தது.

ஆஸ்பத்திரியில் பழைய கதையை மறைக்காதீர்கள். ஆனால் அடுத்த பாதியைச் சொல்லி முடிக்கும்வரை கதிரையை விட்டு எழும்பாதீர்கள்.

தங்கைமாருக்கும் வரக்கூடிய நோய் என்பதால் நானும் வருடாவருடம் ஸ்கேனுக்குப் போகிறேன். காலையில் நாடா கட்டும்போது முடிச்சைப் பார்க்காமல் விடுவதில்லை. என் வயிறே, யாரோ என்னிடம் தந்து பார்த்துக்கொள்ளச் சொன்ன பொருளாகிவிட்டது.

போன தடவை ஸ்கேன் பார்த்த டொக்டர், "இண்டைக்கு ஒண்டுமில்ல. ஆனா இனி வராதெண்டு சொல்ல ஏலாது" என்றார்.

அன்றைக்கு முதல் பாதியோடு காதை மூடிக்கொண்டவள் நான்.